மூச்சுத் திணறலை நமக்குச் சொல்வது யார்? அவ்தார் சிங் பெயின்டலும் ஜே ஏற்பிகளும்

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வந்தது. அதோடு ஒரு குழப்பமும் வந்தது. ஒருவருக்கு அளவு 85-க்கும் கீழே இறங்கியிருக்கும், அவரோ கட்டிலில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். இன்னொருவர் இதய நோயாளி. இவருக்குக் கருவி 96 காட்டும். ஆனால் நான்கு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், இரவில் படுத்தால் இருமல் வரும். ஆக்சிஜன் குறைந்தால்தானே மூச்சுத் திணற வேண்டும்? குறைந்தவருக்குத் திணறவில்லை, குறையாதவருக்குத் திணறுகிறது என்றால் எதை நம்புவது?

இந்தக் கேள்வியின் ஒரு முக்கியமான பகுதிக்கு விடை தேடி ஐம்பது ஆண்டுகள் உழைத்தவர் பேராசிரியர் அவ்தார் சிங் பெயின்டல். நரம்பு உடலியங்கியல், அதாவது நரம்புகள் உடலுக்குள் எப்படிச் சேதி கொண்டுபோகின்றன என்று ஆராயும் துறை, அவருடையது. 2025 செப்டம்பர் 24 அவருடைய நூற்றாண்டு நாள். உடலில் நடக்கும் ஒரு மாற்றத்தை உணர்ந்து சேதியாக அனுப்பும் நரம்பு முனைக்கு ஏற்பி என்று பெயர். மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் ‘ஜே ஏற்பி’ என்று ஒன்றைப் படிக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் டெல்லியில் வேலை பார்த்த ஓர் இந்தியர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர் என்ன செய்தார், அது ஏன் கடினம், அதில் இன்னும் முடிவாகாதது எது என்று அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

மூச்சுவிடச் சொல்வது எது?

மூச்சின் தாளத்தை நடத்துவது மூளைத்தண்டு. வேகத்தைக் கூட்டவா குறைக்கவா என்று முடிவெடுக்க அதற்குத் தகவல் வேண்டும். தகவல் பல வழிகளில் வருகிறது. முக்கியமானவை மூன்று.

1. இரத்தத்தின் வேதி நிலை. மூச்சை அடக்கிப் பிடித்தால் சிறிது நேரத்தில் தாங்க முடியாமல் போகிறதே, அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது இரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவதைக் கவனிக்க கழுத்துத் தமனியின் அருகில் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் நன்றாகவே இறங்கிய பிறகுதான் அது பலமாகக் குரல் கொடுக்கும்.

2. மார்புத் தசைகளும் உதரவிதானமும் எவ்வளவு சிரமப்படுகின்றன என்ற தகவல்.

3. நுரையீரலுக்குள்ளிருந்தே வரும் தகவல். எவ்வளவு விரிந்திருக்கிறது, உள்ளே எரிச்சல் இருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்பதெல்லாம் இந்த வழியில் போகின்றன.

ஆக்சிமீட்டர் இந்த மூன்றில் எதையும் முழுதாகக் காட்டுவதில்லை. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்பது மட்டுமே அதில் தெரியும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருந்து, நுரையீரலும் இன்னும் விறைக்காமல் இருந்தால், ஆக்சிஜன் இறங்கியும் திணறல் பெரிதாகத் தெரியாமல் போகலாம். கொரோனா நோயாளிகளிடம் கண்ட நிலைக்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. எதிர்ப்பக்கம் இருக்கும் இதய நோயாளியைப் புரிந்துகொள்ள மூன்றாவது வழி வேண்டும். பெயின்டலின் வேலை அங்கேதான்.

வேகஸ் நரம்பும் அதன் ஆயிரக்கணக்கான இழைகளும்

நுரையீரல், இதயம், இரைப்பை என்று மார்பிலும் வயிற்றிலும் இருக்கும் உறுப்புகளை மூளையோடு இணைப்பது வேகஸ் நரம்பு. கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று ஓடுகிறது. வெறும் கண்ணுக்கு வெள்ளைக் கயிறு போலத் தெரிந்தாலும் உள்ளே பல்லாயிரம் இழைகள் இருக்கின்றன. மூளை உறுப்புகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு இது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் இதன் இழைகளில் பெரும்பான்மை உறுப்புகளிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை.

1868-லேயே ஹெரிங், பிராயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நுரையீரல் விரிந்தால் உள்மூச்சு தானாக நிற்கிறது, வேகஸை வெட்டினால் அது நடப்பதில்லை என்று காட்டிவிட்டார்கள். 1930-களில் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் அந்த விரிவுச் சேதியை மின்துடிப்புகளாகவே பதிவு செய்தார். அவர் பிடித்தவை தடித்த இழைகளில் வரும் பெரிய துடிப்புகள்.

மிச்சம் இருந்தவை மெல்லிய இழைகள். தடித்த இழைகளின் மேல் கொழுப்பு உறை இருக்கும், அவற்றில் சேதி நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடும். உறையில்லாத மெல்லிய இழைகளை ‘சி’ இழைகள் என்பார்கள். இவற்றில் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான், ஆள் நடக்கும் வேகம். துடிப்பும் மிகச் சிறியது, பக்கத்து இழைகளின் சத்தத்தில் மூழ்கிப்போகும். வேகஸில் எண்ணிக்கையில் அதிகம் இந்த மெல்லிய இழைகளே. ஆக, பெரும்பான்மையின் பேச்சு கேட்காமலேயே இருந்தது.

மொகோக்கிலிருந்து எடின்பரோவுக்கு

பெயின்டல் பிறந்த ஊர் பர்மாவின் மொகோக், மாணிக்கக் கற்களுக்குப் பேர்போன இடம். மருத்துவம் படித்தது லக்னோவின் கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராகப் போகாமல் உடலியங்கியலைத் தேர்ந்தெடுத்தார். ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் எடின்பரோ போய், டேவிட் விட்டரிட்ஜின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றார். விட்டரிட்ஜ் ஏட்ரியனின் வழியில் வேகஸைப் பதிவு செய்துவந்தவர். எனவே இளம் பெயின்டல் போய்ச் சேர்ந்தது சரியான மேசைக்கு.

அங்கே அவர் மெருகேற்றிய முறையை ‘ஒற்றை இழைப் பதிவு’ என்கிறோம். மயக்க நிலையில் இருக்கும் பூனையின் வேகஸைத் திறந்து, அது காய்ந்துவிடாமலும் மின்சாரம் சிதறாமலும் இருக்க திரவப் பாரஃபினால் மூடுவார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ் கூரிய ஊசிகளால் நரம்பைப் பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே ஒரு இழை மட்டும் துடிக்கும் நூலை மின்முனையில் மாட்ட வேண்டும். கை நடுங்கினால் அன்றைய வேலை போயிற்று.

பிரித்தால் மட்டும் போதாது. துடிப்பு எந்த வகை இழையிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு நரம்பில் ஓரிடத்தில் மின்சாரம் கொடுத்து, துடிப்பு பதிவு முனைக்கு வந்து சேரும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணக்கிட்டார். வேகம் தெரிந்தால் இழையின் வகை தெரிந்துவிடும். இப்படி ஒவ்வொன்றாக, ஆண்டுக்கணக்கில். இன்றைக்கு ஒரு கணினித் திரையில் நூறு இழைகளின் துடிப்பைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. அன்று இருந்தது ஒரு ஜோடி கையும் ஒரு ஒலிபெருக்கியும், மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பும்தான். இந்த முறையை நான் இவ்வளவு விவரிப்பதற்குக் காரணம் உண்டு: அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புகள் எல்லாமே இதிலிருந்து கிளைத்தவை.

இதயத்தில் ஒன்று, இரைப்பையில் ஒன்று

முதல் அறுவடை இதயத்தில் கிடைத்தது. இதயத்தின் மேலறைகளில் இரண்டு வகை ஏற்பிகள் இருப்பதை 1953-ல் வெளியிட்டார். ‘ஏ’ வகை, மேலறை சுருங்கும்போது துடிக்கிறது. ‘பி’ வகை, மேலறையில் இரத்தம் நிரம்பும்போது துடிக்கிறது. உடலில் நீரும் இரத்தமும் எவ்வளவு இருக்கின்றன என்று மூளை அறிய இந்த இரண்டாம் வகை ஒரு வழி. உடலின் நீர்ச் சமநிலை பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகள் இதை எடுத்துக்கொண்டு வளர்ந்தன.

இந்தியா திரும்பியதும் கான்பூரில் பாதுகாப்புத் துறையின் ஆய்வகம் ஒன்றில் வேலை. அந்தக் காலத்தில் இரைப்பை விரிவை உணரும் ஏற்பிகள் பற்றிய அவருடைய கட்டுரை 1954-ல் வந்தது. சாப்பிட்ட உணவு செரித்து இரத்தத்தில் கலப்பதற்கு முன்பே ‘போதும்’ என்று தோன்றுகிறதே, அதற்கு இரைப்பைச் சுவரிலிருந்து வேகஸ் வழியாகப் போகும் துடிப்புகள் ஒரு காரணம் என்று அந்தக் கட்டுரை வாதித்தது.

ஜே ஏற்பி: கண்ணால் பார்க்காமலே இடம் கண்டது

1955-ல் வந்த கட்டுரைதான் அவரை உலகம் அறியச் செய்தது. ஃபீனைல் டைகுவனைடு என்ற வேதிப்பொருளை இரத்தத்தில் செலுத்தினால் வேகஸின் மெல்லிய இழைகள் சில படபடவென்று துடிப்பதை அவர் கண்டார். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் செலுத்தினாலும் அவை துடித்தன. ஸ்டார்ச் துகள்கள் நுரையீரலின் நுண்குழாய்களில், அதாவது மிக மெல்லிய இரத்தக் குழாய்களில், போய் அடைத்துக்கொள்ளக்கூடியவை. அப்படியானால் இந்த இழைகளின் முனை நுரையீரலில், நுண்குழாய்களை ஒட்டி எங்கேயோ இருக்க வேண்டும். எங்கே என்று எப்படிச் சொல்வது? ஏற்பியின் முனை நுண்ணோக்கியில் அகப்படாத காலம் அது. அவர் நேரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த வாதத்தைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது.

1. மருந்தை இதயத்தின் வலது பக்கத்தில் செலுத்தினால் இழை ஓரிரு நொடிகளில் துடிக்கிறது. வலது இதயத்திலிருந்து இரத்தம் முதலில் போகும் இடம் நுரையீரல்.

2. அதே மருந்தை இதயத்தின் இடது பக்கத்தில் செலுத்தினால் தாமதம் கூடுகிறது. மருந்து உடல் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வர முடியும் என்பதால் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஆகவே ஏற்பி இருப்பது நுரையீரலின் இரத்த ஓட்டப் பாதையில்.

3. ஹாலோதேன் போன்ற மயக்க வாயுவை மூச்சுக்குழல் வழியாக ஊதினாலும் இழை உடனே, ஒரு நொடிகூட ஆவதற்குள், துடிக்கிறது. இரத்தம் சுற்றிவர அந்த நேரம் போதாது. ஆக ஏற்பி காற்றுப்பைக்கும் அருகில் இருக்கிறது.

4. இரத்தத்துக்கும் அருகில், காற்றுக்கும் அருகில் என்றால் மிஞ்சும் இடம் ஒன்றே. காற்றுப்பைக்கும் நுண்குழாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய இடைவெளி.

நுண்குழாயை ஒட்டியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு ‘ஜே’ என்று பெயர் வைத்தார். எலியின் காற்றுப்பைச் சுவரில் நரம்பு முனைகள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி பின்னால் காட்டியது.

சரி, உடலுக்குள் யாரும் ஃபீனைல் டைகுவனைடு ஊற்றுவதில்லை. இயல்பில் இந்த ஏற்பியைத் தூண்டுவது எது? 1969-ல் வந்த அவருடைய கட்டுரை இதற்கு விடை சொன்னது. பெருந்தமனியை இறுக்கி நுரையீரலில் இரத்தம் தேங்கச் செய்தாலும், வேதிப்பொருள்களால் நீர் கோக்கச் செய்தாலும் ஜே ஏற்பிகள் விழித்துக்கொள்கின்றன. நுண்குழாய்களில் அழுத்தம் ஏறும்போது நீர் கசிந்து அந்த இடைவெளியில் சேருகிறது, அங்குள்ள திசு பஞ்சு போல ஊறிப் பருக்கிறது, ஏற்பி நசுங்குகிறது. நீர் காற்றுப்பைக்குள் நிறைந்து ஆக்சிஜன் குறைவதற்கு முன்பே இது நடந்துவிடும்.

முதலில் சொன்ன இதய நோயாளியை இப்போது நினைத்துப் பாருங்கள். இடது இதயம் பலவீனமானால் இரத்தம் பின்னோக்கி நுரையீரலில் தேங்கும். படுத்தால் காலில் இருந்த நீரும் மேலே வரும். ஆக்சிமீட்டர் 96 காட்டும் நேரத்திலும் நுரையீரல் தன் நிலையை மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தூண்டினால் என்ன நடக்கும்?

விலங்குகளில் ஜே ஏற்பிகள் பலமாகத் தூண்டப்பட்டால் முதலில் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. பிறகு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடுகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைகின்றன. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று: கால் தசைகளின் அனிச்சை இயக்கம் அடங்கிப்போகிறது. தேஷ்பாண்டேயும் தேவானந்தனும் 1970-ல் வெளியிட்ட ஆய்வு இதை முதுகுத்தண்டு வரை தொடர்ந்து சென்று காட்டியது.

இதிலிருந்து பெயின்டல் ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார். கடுமையாக ஓடும்போது நுரையீரலுக்குப் போகும் இரத்தம் பல மடங்காகிறது. நுண்குழாய் அழுத்தம் ஏறி ஜே ஏற்பிகள் துடிக்கின்றன. மூச்சு வாங்குகிறது, கால் தளர்கிறது, ஓடுபவர் நிற்கிறார். அழுத்தம் இறங்குகிறது. நுரையீரல் நீர் கோத்துக்கொள்ளாமல் காக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இது என்றார் அவர். உயரமான மலைகளில் வேகமாக ஏறுபவர்களின் நுரையீரலில் நீர் கோப்பதையும், அதற்கு முன் வரும் வறட்டு இருமலையும் இதோடு பொருத்திப் பார்த்தார்.

எதிர்வாதம் என்ன?

கருத்து அழகாக இருக்கிறது. ஆனால் அழகு சான்றாகாது. அதனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

லண்டனில் ஆப்ரஹாம் குஸ் குழுவினர் 1960-களிலும் 1970-லும் வேகஸ் நரம்பை மருந்தால் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்து பார்த்தார்கள். நுரையீரல் நோயாளிகள் சிலருக்குத் திணறல் குறைந்தது. இது பெயின்டலுக்கு ஆதரவு. ஆனால் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் வேறு கதை. புதிய நுரையீரலுக்கு வேகஸ் இணைப்பு அறுந்திருக்கிறது. அவர்களும் உடற்பயிற்சி செய்கிறார்கள், அவர்களுக்கும் மூச்சு வாங்குகிறது. ஜே ஏற்பி இல்லாமலும் மூச்சு வாங்க முடியும் என்பது இதனால் தெளிவு.

பெயரிலும் ஒரு மாற்றம் வந்தது. இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் பல, ‘நுரையீரல் சி இழைகள்’ என்றே எழுதுகின்றன. மூச்சுக்குழல்களிலும் இதே வகை இழைகள் இருப்பதும், ஒரே இழை நீர்க்கோப்பு, வீக்கம், வேதி எரிச்சல் என்று பலவற்றுக்கும் துடிப்பதும் காரணங்கள். என் பார்வையில், ஏற்பி இருப்பதும் நீர்க்கோப்பில் அது துடிப்பதும் உறுதியாக நிற்கின்றன. ஆரோக்கியமான ஒருவரின் ஓட்டத்தை நிறுத்துவது அதுதான் என்பது நிரூபணம் ஆகவில்லை.

ஆய்வகத்துக்கு வெளியே

அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர், பிறகு 1964 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் நெஞ்சக நிறுவனத்தின் இயக்குநர். பதவிகளுக்கு நடுவிலும் மேசையை விடவில்லை. குளிரால் நரம்பு இழைகள் எப்போது வேலைநிறுத்தம் செய்கின்றன என்று 1960-களின் நடுவில் அளந்தார். உறையுள்ள இழைகள் தடித்தவையானாலும் மெல்லியவையானாலும், சுமார் 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சேதி கடத்துவதை நிறுத்துகின்றன என்று கண்டார். உறையில்லாத இழைகள் அதைவிடக் குளிரிலும் தாக்குப்பிடிக்கும். இந்த வேறுபாட்டை வைத்து ஒரு வகையை அடக்கி, மற்றதை மட்டும் கேட்கும் உத்தி பல ஆய்வகங்களுக்குப் பயன்பட்டது. 1981-ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. இந்திய உடலியங்கியலாளர் ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. 1986-ல் பத்ம விபூஷண்.

அதே 1986-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தலைமை இயக்குநரானார். அந்த ஆண்டில்தான் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். நோயை வெளிநாட்டிலிருந்து வருவதாக மட்டும் பார்த்த பெயின்டல், வெளிநாட்டவரோடு இந்தியர்கள் பாலுறவு கொள்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1988-ல் யோசனை சொன்னார். பலத்த கண்டனம் எழுந்தது, சட்டமும் வரவில்லை. அது தவறான யோசனை. தொற்று அதற்குள் நாட்டுக்குள்ளேயே பரவத் தொடங்கியிருந்தது, நோயாளிகள் மீதான அவப்பெயரைத்தான் அத்தகைய பேச்சு கூட்டும். அவரை நினைவுகூரும்போது இதை மறைப்பது சரியாகாது.

இன்னொரு வேலையை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆய்வில் புள்ளிவிவரத்தைத் திரிப்பது, அடுத்தவர் கட்டுரையைத் திருடுவது போன்றவற்றை விசாரிக்க அறிவியலாளர்களே சேர்ந்து ‘சொசைட்டி ஃபார் சயன்டிஃபிக் வேல்யூஸ்’ என்ற அமைப்பை 1980-களில் தொடங்கினார்கள். பெயின்டல் அதன் நிறுவனத் தலைவர். அந்த அமைப்புக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது, தண்டிக்க முடியாது. விசாரித்து வெளியே சொல்ல மட்டும் முடியும். ஒரு துடிப்பு எந்த இழையிலிருந்து வந்தது என்று உறுதியாகும் வரை அதைக் கணக்கில் சேர்க்காத மனிதருக்கு அது இயல்பான வேலைதான்.

தொண்டையைக் காட்டியவர்கள்

பூனைக்கு மூச்சு வேகமாவதைப் பார்க்கலாம், அதற்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க முடியாது. அதனால் ஓய்வுக்குப் பிறகு அவர் சக ஆய்வாளர்களுடன் மனிதர்கள் பக்கம் திரும்பினார். லோபலின் என்ற பொருளைச் சிறிய அளவில் நரம்பூசியாகச் செலுத்தினால் ஜே ஏற்பிகள் தூண்டப்படும். தன்னார்வலர்களுக்கு அதைக் கொடுத்து என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். தொண்டையிலும் மேல் மார்பிலும் அடைப்பு, எரிச்சல், நெருக்கல் என்றார்கள். அளவு கூடியதும் வறட்டு இருமல் வந்தது. பூனையின் இழைகள் துடிக்கும் நேரத்தோடு இந்த உணர்வு தொடங்கும் நேரத்தை ஒப்பிட்டு 1995-ல் வெளியிட்டார்கள்.

அடுத்த கட்டம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு. இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்டவர்களுக்கு அதே லோபலினைக் கொடுத்தார்கள். 2001-ல் வந்த முடிவு: மூச்சின் வேகம் அவர்களுக்கும் கூடியது, ஏனென்றால் கழுத்துத் தமனியருகே உள்ள உறுப்பையும் லோபலின் தூண்டும். ஆனால் மற்றவர்கள் சொன்ன தொண்டை, மார்பு உணர்வுகளும் இருமலும் அவர்களிடம் பெரும்பாலும் இல்லை. அந்த உணர்வு நுரையீரலின் நரம்பு முனைகளிலிருந்துதான் வருகிறது என்பதற்கு மனிதரில் கிடைத்த நேரடிச் சான்றுகளில் இது முக்கியமானது. கட்டுரை வெளிவந்தபோது பெயின்டலுக்கு வயது 75. 2004 டிசம்பர் 21-ல் அவர் டெல்லியில் காலமானார்.